பத்து டாலர் எப்படித் தொண்ணூறு ஆகிறது?

நியூயார்க் நகர மன்றத் தேர்தலில் நிற்கும் ஒருவர், குவீன்ஸ் பகுதியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கதவைத் திறந்த அம்மா பத்து டாலர் தாளை நீட்டுகிறார். வேட்பாளர் அதை வாங்கி அப்படியே பையில் போட்டுக்கொள்ள முடியாது. ஓர் அட்டையைக் கொடுத்து, பெயர், முகவரி, தொகை எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஏறக்குறைய நம்மூர் மொய் நோட்டுதான். ஆனால் இந்த நோட்டைச் சரிபார்த்துவிட்டு, நகர நிர்வாகம் தன் கஜானாவிலிருந்து மேற்கொண்டு எண்பது டாலர் தரும்.

ஒன்றுக்கு எட்டு. அதுதான் கணக்கு.

1986இல் நகரின் பார்க்கிங் அபராத வசூல் ஒப்பந்தங்களில் பெரிய லஞ்ச ஊழல் வெடித்தது. அந்தச் சூட்டோடு 1988இல், நன்கொடைக்கு ஈடாக நகரமே வேட்பாளருக்குப் பணம் தரும் இந்தச் சட்டம் வந்தது. அப்போது ஒன்றுக்கு ஒன்றுதான். ஆனால் ஒருவர் தரும் நன்கொடையில் 1,000 டாலர் வரை அரசு ஈடுகொடுத்தது. 2001 தேர்தலில் ஒன்றுக்கு நான்கு, முதல் 250 டாலருக்கு மட்டும். அப்புறம் ஒன்றுக்கு ஆறு, முதல் 175 டாலருக்கு. 2018இல் மக்கள் வாக்களித்து அதை எட்டாக்கினார்கள். பெருக்கம் ஏறியபோதும், பெருக்கப்படும் தொகையைச் சிறிதாகவே வைத்ததுதான் இதில் கெட்டிக்காரத்தனம்.

ஏன் என்று பாருங்கள். நகர மன்றத் தேர்தலில் இன்றும் ஒருவரின் முதல் 175 டாலருக்குத்தான் ஈடு. ஒரு பணக்காரர் 1,000 டாலர் கொடுத்தால், அரசுப் பணம் 1,400. ஆக மொத்தம் 2,400. அதே ஆயிரத்தை நூறு பேர் பத்துப் பத்தாகக் கொடுத்தால் 9,000 கிடைக்கும். வேட்பாளருக்கும் நாளைக்கு இருபத்துநாலு மணி நேரம்தானே? அதை யாரோடு செலவழிப்பது என்பதை இந்தப் பெருக்கல் தீர்மானிக்கிறது. கட்டட முதலாளியின் விருந்தைவிட, மாடிப்படி ஏறி இறங்குவது லாபமாகிவிடுகிறது. என் பார்வையில் இந்தத் திட்டத்தின் உயிரே இதுதான். அரசுப் பணம் எவ்வளவு என்பது இரண்டாம்பட்சம்.

நகரவாசிகளின் நன்கொடைக்கு மட்டுமே ஈடு உண்டு. நகரத்தோடு ஒப்பந்தத் தொழில் செய்பவர்கள் கொடுத்தால் கிடையாது. பெயருக்கு நின்று காசு கேட்பவர்களை வடிகட்டவும் ஒரு வாசற்படி இருக்கிறது: நகர மன்றத்துக்குத் தொகுதிக்குள்ளிருந்தே 75 பேராவது நன்கொடை தர வேண்டும், மொத்தம் 5,000 டாலர் சேர வேண்டும்; மேயருக்கு 1,000 பேர், 2,50,000 டாலர்.

பணம் வாங்கினால் செலவுக்கு உச்சவரம்பையும் ஏற்க வேண்டும். ஆனால் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. தேர்தல் செலவுக்கு வரம்பு விதிப்பது பேச்சுரிமையில் கைவைப்பது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இலேயே சொல்லிவிட்டது. அதனால் சேர்வதும் சேராததும் வேட்பாளர் இஷ்டம்.

உச்சவரம்பில் ஒன்பதில் எட்டுப் பங்குவரை அரசுப் பணம் வரலாம். அதாவது, தன் ஒரு பங்கைச் சிறு நன்கொடையாகத் திரட்டிவிட்டால் வேட்பாளரின் வேலை முடிந்தது. 2025 மார்ச்சில் மேயர் வேட்பாளர் சோரான் மம்தானி, வரம்பைத் தொட்டுவிட்டோம், இனிப் பணம் அனுப்ப வேண்டாம் என்று வீடியோ போட்டுக் கேட்டுக்கொண்டார். அரசியல்வாதி வாயிலிருந்து வருமா அப்படி ஒரு பேச்சு!

ஓட்டை இல்லாமல் இல்லை. வேட்பாளரோடு கலந்துகொள்ளாமல் தனியாகச் செலவு செய்யும் 'சூப்பர் பேக்' குழுக்களுக்கு எந்த வரம்பும் கிடையாது. அதே தேர்தலில் மம்தானியின் போட்டியாளர் ஆண்ட்ரூ குவோமோவை ஆதரித்த ஒரு குழு மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் இறைத்தது. எதிராளி அதிகம் செலவழித்தால் கூடுதல் அரசுப் பணம் தருவோம் என்று அரிசோனா மாநிலம் செய்துபார்த்தது. உச்ச நீதிமன்றம் 2011இல் அதையும் ரத்து செய்தது.

இன்னொரு ஓட்டை பினாமி நன்கொடை. ஒருவர் பணத்தைப் பத்துப் பேர் பெயரில் எழுதினால் எட்டு மடங்கு அரசுப் பணமும் கூடவே வந்துவிடும். அதனால்தான் தேர்தல் நிதி வாரியம் அட்டை அட்டையாகப் பார்க்கிறது. கணக்கில் சந்தேகம் வந்தால் ஈட்டுப் பணம் நின்றுவிடும். தேர்தல் முடிந்தபிறகும் தணிக்கை உண்டு. செலவழியாமல் கையில் மிஞ்சிய அரசுப் பணத்தை ஜெயித்தவரும் தோற்றவரும் திருப்பிக் கட்ட வேண்டும்.