ஏரிக்குள் கிடந்த கூடை

மூங்கில் கூடையில் ஒரே ஒரு பிளாச்சை அறுத்துவிட்டுப் பாருங்கள், கூடை பிரியாது, அந்த இடத்துப் பாரத்தைப் பக்கத்துப் பிளாச்சுகள் வாங்கிக்கொள்ளும். இரண்டாம் உலகப்போரில் பறந்த வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தையும் கிட்டத்தட்ட இப்படித்தான் பின்னினார்கள்.

பின்னிய இடங்களில் ஒன்று இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள புரூக்லேண்ட்ஸ். 1907-ல் கார் பந்தயத்துக்கென்றே போட்ட தளம், அப்புறம் அங்கேயே விமானத் தொழிற்சாலைகளும் முளைத்தன. அவை இன்று இல்லை. அங்கே செய்த விமானங்களை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

வெலிங்டனின் சட்டத்தை வடிவமைத்தவர் பார்ன்ஸ் வாலிஸ், அதற்கு முன் ஆர்-100 என்ற, வாயு நிரப்பி மிதக்கும் வான்கப்பலில் வேலை பார்த்தவர். ஒரு காகிதத்தில் சாய்வாக நேர்கோடு போட்டு உருளையாகச் சுருட்டினால் அந்தக் கோடு திருகாணியின் மரை மாதிரி சுற்றிக்கொண்டு போகும் இல்லையா? வளைந்த பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மிகக் குறுகிய வழி அதுதான், பெயர் ஜியோடெசிக். அந்த வழிகளில் டூராலுமின் என்ற அலுமினியக் கலவையில் செய்த பட்டைகளை வலப்பக்கம் சுற்றுவது ஒரு வரிசை, இடப்பக்கம் சுற்றுவது ஒரு வரிசை என்று வைத்து, வெட்டிக்கொள்ளும் இடங்களிலெல்லாம் பிணைத்துவிட்டார் மனிதர். இப்போது உடற்பகுதியை முறுக்கினால் ஒரு வரிசை இழுபடும், இன்னொரு வரிசை நெருக்குப்படும். இழுபடும் பட்டை உள்நோக்கி அழுத்தும், நெருக்குப்படும் பட்டை வெளியே பிதுங்கப் பார்க்கும், சேரும் இடத்தில் ஒன்றையொன்று அடக்கிவிடும். குண்டு பட்டு நாலைந்து பட்டை போனாலும் பாரம் வேறு வழியாகச் சுற்றிப் போய்விடும்.

பாரமெல்லாம் பின்னலே சுமப்பதால் மேல்தோல் வெறும் துணிதான், விறைப்பாக நிற்க மேலே ஒரு பூச்சு. சங்கடமும் அங்கேயேதான். விமானங்களின் வேகமும் உயரமும் ஏற ஏற துணி தாங்காது, தோலே பாரம் சுமக்கும் உலோக விமானங்கள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. பட்டைகளை விதவிதமாக வளைக்கத் தனி எந்திரங்களும் வேண்டியிருந்தன. அப்படியும் 11,000-க்கு மேல் கட்டினார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அதில் ஒன்று 'ஆர் ஃபார் ராபர்ட்'. 1940 டிசம்பர் 31 அன்று பயிற்சிப் பறப்பில் இயந்திரம் கோளாறாகி, ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் இறங்கி மூழ்கியது. ஆமாம், பூதம் இருப்பதாகச் சொல்வார்களே, அதே ஏரி. 1976-ல் பூதத்தைத் தேடி வந்தவர்கள் கையில் இதுதான் சிக்கியது! 1985-ல் மேலே தூக்கினார்கள். உப்பில்லாத, குளிர்ந்த, இருண்ட தண்ணீர் என்பதால் உலோகம் பெரிதாக அரிக்கவில்லை, வால் விளக்குகளை பேட்டரியில் இணைத்தபோது எரிந்தனவாம். துணி மட்டும் போய்விட்டது. பிறந்த இடமான புரூக்லேண்ட்ஸுக்கே கொண்டுவந்து செப்பனிட்டவர்கள் உடற்பகுதியில் பெரும்பகுதியைத் துணி போர்த்தாமல் விட்டிருக்கிறார்கள், பக்கத்தில் நின்றால் ஒரு பட்டை எங்கே கிளம்பி எங்கே முடிகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்து போகலாம்.