பெங்களூரு ஏரியில் நுரை எப்படிப் பிறக்கிறது?

பெங்களூரு ஏரிகளில் மழை நாட்களில் நுரை பொங்கிச் சாலை வரை பறப்பது எப்படி என்று புரிய, முதலில் ஊரின் நில அமைப்பைப் பார்க்க வேண்டும். பெங்களூருக்கென்று பெரிய ஆறு கிடையாது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. மேற்குச் சரிவில் விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும், அங்கிருந்து காவிரிக்கும் போகிறது. கிழக்கே விழுவது ஹெப்பாள், கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குகளின் வழியாகத் தென்பெண்ணையில் சேர்கிறது. அல்சூரில் ஒரு மொட்டை மாடியில் விழுந்து ஓடும் மழை பெல்லந்தூர், வர்த்தூர், ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர் என்று இறங்கிக் கடலூரில் கடலைத் தொடும்.

மேட்டில் விழும் மழை நிற்காமல் இறங்கிவிடும் என்பதால்தான் இங்கே ஏரிகள் வெட்டப்பட்டன. 1537இல் கெம்பே கவுடா நகரத்தை நிறுவியதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த வேலை தொடங்கிவிட்டது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அகரம் கல்வெட்டு, ஏரிகளுக்கு மதகு வைத்ததைச் சொல்கிறது. இயற்கையாக அமைந்த ஏரி என்று இங்கே நாம் நினைக்கும் ஒவ்வொன்றும் யாரோ மண் சுமந்து கரை போட்டு உண்டாக்கியதுதான்.

ஏரியின் உறுப்புகளைத் தெரிந்துகொண்டால் நுரையின் கதை தானாகப் புரியும். சரிவின் மேற்பக்கத்திலிருந்து வரத்துக்கால் தண்ணீரைக் கொண்டு வருகிறது. பள்ளத்தின் குறுக்கே பிறை வடிவில் மண்கரை அதைத் தடுக்கிறது. கரையின் அடியில் மதகு. அதைத் திறந்தால் கீழேயுள்ள ஆயக்கட்டு வயலுக்குப் பாசனம். கரையின் ஓரத்தில், கரை மட்டத்தைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டியது கலிங்கு. வடமாவட்டத் தமிழில் 'ஏரி கோடி போகுது' என்பார்கள், கன்னடத்திலும் அதன் பெயர் கோடிதான். ஏரி நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் கலிங்கில் வழிந்து அடுத்த ஏரிக்கு வரத்தாகும். மடிவாளம் வழிந்தால் அகரம், அகரம் வழிந்தால் பெல்லந்தூர், அது வழிந்தால் வர்த்தூர். ஏரிகளை இணைக்கும் இந்தப் பெரிய கால்வாய்க்கு இங்கே ராஜகாலுவே என்று பெயர்.

இந்த ஏற்பாட்டில் வெளியே தெரியாத ஐந்தாவது உறுப்பு ஒன்று உண்டு. அது கோடை. மாரியில் நிரம்பிய ஏரியை மதகு வழியாக நீர்க்கட்டி, அதாவது ஏரி நீரைப் பங்கிட்டு விடும் ஊர்ப் பணியாளர், கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்கு விடுவார். கன்னடத்தில் அவர் நீருகண்டி. ஏப்ரல், மே வாக்கில் ஏரி வற்றி, தரை வெடிப்பு விடும். அப்போதுதான் வண்டியைக் கட்டிக்கொண்டு போய் வண்டலை அள்ளி வயலில் கொட்டுவார்கள். வயலுக்கு உரம் சேர்ந்தது, ஏரிக்கு ஆழம் மீண்டது. வெடிப்புக்குள் காற்று புகுந்ததால், அடியில் மட்கிக்கொண்டிருந்த சேற்றுக்கு ஆக்சிஜன் கிடைத்தது. ஏரி வற்றுவது நோயல்ல, ஆண்டுக்கொரு முறை நடக்கும் பராமரிப்பு. பெங்களூரு இழந்ததில் பெரிய இழப்பு இதுதான் என்பது என் கருத்து.

தொலைந்துபோன ஏரிகளை எல்லோரும் சொல்கிறார்கள். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையமானது, சம்பங்கி ஏரி கண்டீரவா மைதானமானது. ஆனால் மீந்த ஏரிகளுக்கு நேர்ந்தது வேறு வகை. ஆயக்கட்டு வயல்கள் மனைகளாயின. பாசனம் இல்லாததால் மதகைத் திறக்க ஆளில்லை. மறுபுறம், ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து அரைக் கிலோமீட்டர் உயரம் ஏற்றிக் காவிரி நீர் ஊருக்குள் வருகிறது. வீட்டுக்கு வரும் 100 லிட்டரில் 80 லிட்டர் கழிவுநீராக வெளியேறும் என்பது பொறியாளர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. அது போவதற்கு உள்ள வழி பள்ளத்தாக்குதான். காவிரியிலிருந்து ஏற்றிய தண்ணீரில் ஒரு பெரும்பங்கு, கழிவறை வழியாகப் பெண்ணையாற்றுக்கு மாறிப் போகிறது!

பாதாளச் சாக்கடைக் குழாய் இருந்தும் கழிவுநீர் ஏன் ஏரிக்கு வருகிறது? குழாயில் கழிவு தானாக ஓட வேண்டுமானால் சரிவு வேண்டும். நகரில் தொடர்ச்சியான சரிவு இருக்கும் இடம் ராஜகாலுவேயின் ஓரம். எனவே பெரிய குழாய்கள் அதை ஒட்டியே, சில இடங்களில் அதற்குள்ளேயே பதிக்கப்பட்டன. குழாய் அடைத்தால், கொள்ளளவு போதாமல் போனால், ஆள்துளை மூடி வழியாகப் பொங்கும் கழிவு நேரே மழைநீர்க் கால்வாயில் விழும். இணைப்பே பெறாத கட்டடங்களின் கழிவும் அதிலேயே சேரும். இப்படி 365 நாளும் வரத்து இருப்பதால் ஏரி வற்றுவதே இல்லை. சேறு அடுக்கடுக்காகத் தங்குகிறது.

இப்போது நுரைக்கு வருவோம். துணி சோப்பு, பாத்திரத் தூள், ஷாம்பு எல்லாவற்றிலும் உள்ள நுரைப்பு வேதிப்பொருளின் மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலை தண்ணீரை விரும்பும். வால் தண்ணீரை விலக்கி எண்ணெயை, காற்றைத் தேடும். தண்ணீருக்குள் காற்றுக் குமிழி புகுந்தால் இந்த மூலக்கூறுகள் வாலைக் காற்றுப் பக்கமும் தலையை நீர்ப் பக்கமும் வைத்துக் குமிழியைச் சுற்றி நிற்கும். பரப்பு இழுவிசை குறைவதால் குமிழியின் சுவர் உடனே கிழிவதில்லை. கழிவில் உள்ள புரதமும் நுண்ணிய மண் துகளும் நூல் போன்ற பாக்டீரியாக்களும் அந்தச் சுவரில் ஒட்டி அதை இன்னும் கெட்டியாக்கும். வீட்டு வாளியில் சில நிமிடத்தில் அடங்கும் நுரை இங்கே மணிக்கணக்கில் நிற்பதற்குக் காரணம் இந்தக் கூட்டாளிகள்தான்.

காற்றில்லாமல் நுரை இல்லை. ஏரியின் நடுப்பகுதி அமைதியாக இருக்க, நுரை கலிங்கின் அடியில்தான் எழும். தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து மோதும்போது காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போகிறது. உபரியை வெளியேற்ற முன்னோர் கட்டிய அமைப்பு இன்று முட்டை அடிக்கும் கரண்டி போல வேலை செய்கிறது.

மழை வந்தால் நுரை குறைய வேண்டும் அல்லவா, தண்ணீர் கலந்து நீர்த்துப்போகுமே? நடப்பது நேர்மாறு. மேற்சொன்ன வேதிப்பொருளை பாக்டீரியாக்கள் சில நாட்களில் சிதைத்துவிடும், ஆனால் அதற்கு ஆக்சிஜன் தேவை. கழிவு நிறைந்த ஏரியின் அடியில் ஆக்சிஜன் கிட்டத்தட்டப் பூஜ்யம். சிதையாத மூலக்கூறுகள் சேற்றில் ஒட்டி மாதக்கணக்கில் சேர்கின்றன. முதல் கனமழையின் வெள்ளம் சேற்றைக் கலக்கிவிட, சேமித்ததெல்லாம் ஒரே நேரத்தில் நீருக்கு வருகிறது. அன்றைக்கு ஓட்டமும் வேகம், கலிங்கில் மோதலும் வேகம். சாலை வரை நுரை பறப்பது அப்போதுதான்.

பெல்லந்தூர் ஏரியில் 2015, 2017, 2018 ஆண்டுகளில் தீப்பிடித்ததும் இதே சேற்றின் மறுமுகம். ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் மீத்தேன் உருவாகிறது. சோப்புத்தூளின் பாஸ்பேட்டும் கழிவின் நைட்ரஜனும் ஆகாயத்தாமரையை வளர்க்கின்றன. அது காய்ந்து, குப்பையும் சேர்ந்தால், ஒரு பொறி போதும்.

கலிங்கில் வலை கட்டுவதும் நீர் தெளிப்பான் வைப்பதும் நுரை சாலைக்கு வராமல் தடுக்கும், அவ்வளவே. தெளிக்கும் துளி குமிழிச் சுவரை உடைக்கும். மூலக்கூறு தண்ணீரிலேயே இருந்துகொண்டு அடுத்த வீழ்ச்சிக்குக் காத்திருக்கும். அதனால்தான் ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மதகு திறக்கும் மழை நாட்களில் நுரை மறுபடி மலைபோல் எழுகிறது. அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுவது நம் விவசாயிகள். மேலே கொட்டுகிறவருக்கு அது கண்ணில் படுவதேயில்லை.

சரிசெய்யும் வழிக்கு ஜக்கூர் ஏரி நல்ல பாடம். அங்கே முதலில் நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் கொள்ளளவில் அமைந்த சுத்திகரிப்பு நிலையத்தின் நீர் நேராக ஏரிக்குள் போகாமல், சம்பு முதலிய நீர்த்தாவரங்கள் நிற்கும் ஈரநிலத்தில் நுழைந்து பிறகே ஏரிக்குப் போகும். சாதாரணச் சுத்திகரிப்பு, அழுகும் பொருளைக் குறைக்கும். நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பெரும்பாலும் விட்டுவிடும். ஈரநிலம் அந்த மிச்சத்தைக் கவனிக்கிறது. வேரைச் சுற்றி ஆக்சிஜன் உள்ள இடத்தில் ஒருவகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். சற்றுத் தள்ளி ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வேறொரு வகை அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பும்.

இதற்கு நேரம் வேண்டும். 1 கோடி லிட்டர் என்பது 10,000 கன மீட்டர். 5 ஏக்கர் ஈரநிலத்தில் சராசரி 1 மீட்டர் ஆழம் என்று வைத்தால் 20,000 கன மீட்டர் கொள்ளும், அதாவது தண்ணீர் 2 நாள் தங்கும். சேறு ஏறி ஆழம் பாதியானால் ஒரே நாள்தான். பாஸ்பரஸுக்கு வாயு வடிவில் தப்பும் வழி இல்லை, செடியிலோ சேற்றிலோதான் தங்கும். செடியை அறுத்து வெளியே எடுக்காவிட்டால் அது அழுகி, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஈரநிலங்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்: திறப்பு விழாவுக்குக் காசு இருக்கிறது, அறுவடைக்கு இல்லை.

இன்னொரு பொதுவான தவறு, ஏரியைச் சுற்றிலும் நடைபாதைக் கரை போட்டு, உள்ளே செங்குத்தாக, அண்டா போல வெட்டிவிடுவது. வரத்துப் பக்கத்தில் கரையே இருக்கக் கூடாது. அங்கே ஏரி மெல்ல ஆழமாகி, கணுக்கால் அளவு நீர் பரந்து நிற்க வேண்டும். சம்பு வேரூன்றுவதும் நாரையும் கொக்கும் இரை தேடுவதும் அந்த விளிம்பில்தான்.

பெல்லந்தூரில் சேறு அள்ள முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? வரும் கழிவுநீரை ஓரமாகக் கால்வாய் வெட்டித் திருப்பி, ஏரியை வற்றவைத்தார்கள். முன்பு செலவில்லாமல் ஆண்டுதோறும் வந்த கோடையை இப்போது இயந்திரம் வைத்து வரவழைக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் பகுதி ஏரியின் நிலையை ஆய்வுக்கூடம் இல்லாமலே ஓரளவு அறியலாம். கோடை மழை பெய்யாத மார்ச் மாதத்தில் கலிங்குக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர் வழிந்தால் அது மழைநீர் அல்ல. ஒன்று சுத்திகரித்த நீர், இல்லையேல் சாக்கடை. வரத்துக்கால் வழியே மேல்நோக்கி நடந்தால் எதுவென்று தெரிந்துவிடும். மீன்கள் வாயைத் தூக்கிக் காற்றுக்குத் தவிக்கின்றனவா என்று பார்க்க விடியற்காலையில் போக வேண்டும். இரவெல்லாம் பாசியும் பாக்டீரியாவும் ஆக்சிஜனைத் தீர்த்திருக்கும், சூரியன் ஏறி ஒளிச்சேர்க்கை தொடங்கினால் ஏரி மறுபடி நலமாக இருப்பதுபோல் தோன்றும். மாலை 4 மணிக்கு எடுத்த மாதிரியை வைத்து ஏரி நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், காலை 5 மணி மாதிரியைக் கேளுங்கள்.