ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் கியர் பிடிக்காது

கிளட்ச் வேலைக்கு ஒரு பிக்கப் வந்திருந்தது. அதற்கு, கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரப் பக்கம் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளத் தண்டான ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். எங்கள் பட்டறை வாசல் லேசான சரிவு. பையன் முதல் கியரைப் போட்டுவிட்டு அடியில் படுத்து, ஷாஃப்டின் பின்முனையைப் பிடிக்கும் ஃபிளாஞ்ச் தட்டின் நான்காவது போல்ட்டை உருவியதுதான் தாமதம், வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் கிடந்த கல்லை நான் டயருக்கு அடியில் உதைத்துத் தள்ளியதால் அவன் கால் தப்பியது.

பின்சக்கர இழுவை வண்டியை கியர் பிடித்து வைப்பதே ஷாஃப்ட் வழியாகத்தான். அது கழன்ற பிறகு முதல் கியரும் நியூட்ரலும் ஒன்றுதான். ஹேண்ட்பிரேக் இருக்கிறதே என்பீர்கள். பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டால் அது இருந்தும் பயனில்லை, சில பழைய ஜீப்களில் ஹேண்ட்பிரேக் டிரம் கியர்பாக்ஸ் பக்கமே இருப்பதால் ஷாஃப்டோடு அதுவும் போச்சு. அதனால் சமதரை, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, வண்டியைத் தாங்க ஸ்டாண்ட். அப்புறம்தான் ஸ்பேனர்.

கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் ஷாஃப்டிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு, ஷாஃப்டின் நீளம் கூடிக் குறைய ஒன்றுக்குள் ஒன்று நழுவும் நடு ஸ்லிப் ஜாயிண்ட்டிலும் ஒன்று. இரண்டு நிமிட வேலை. இதை யாரோ செய்யாமல் விட்ட வண்டி ஒன்று, அறுபதைத் தாண்டினாலே தரை அதிர்கிறது என்று என்னிடம் வந்தது. அதற்குள் ஓனர் வீல் பாலன்ஸ் பார்த்து, இரண்டு டயரும் மாற்றியிருந்தார். அடியில் போய்ப் பார்த்தால் ஸ்லிப் ஜாயிண்ட்டில் நேருக்கு நேர் நிற்க வேண்டிய இரண்டு அம்புக்குறிகளும் ஆளுக்கொரு பக்கம். ஷாஃப்ட் முனையில் சாய்வாக ஓடும் ஜாயிண்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், மறுமுனை ஜாயிண்ட் அதைச் சமன் செய்யும், ஆனால் ஜாயிண்ட்டைப் பிடிக்கும் கவை போன்ற இரண்டு யோக்கும் ஒரே வாட்டத்தில் இருந்தால்தான். ஸ்லிப் ஜாயிண்ட்டின் பல்லைக் கழற்றிச் சரியாகக் கோர்த்தேன், அதிர்வு நின்றது. டயர் காசு போனது போனதுதான்.

கழன்ற ஷாஃப்டை ஒரு முனையில் தொங்கவிடாதீர்கள், ஜாயிண்ட் கெடும். ஜாயிண்ட் நடுவில் கூட்டல் குறி போல இருக்கும் கிராஸின் முனைக் கப்பை டேப் சுற்றிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஊசி பேரிங் மண்ணில் உதிரும், பொறுக்கிப் போட்டாலும் பழையபடி வராது.

மாட்டும்போது டப்பாவில் கிடைத்த போல்ட்டைப் போடவே கூடாது. தலையில் 10.9 என்று வலிமைக் குறி இருந்தால் அதேதான் வேண்டும், உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு புதிது, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சில் கம்பெனி சொன்ன அளவு. கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸ் என்றால் நான்கு கப்பிலும் புது கிரீஸ் எட்டிப்பார்க்கும்வரை அடியுங்கள், ஒன்றில் மட்டும் வராவிட்டால் அந்தக் கிராஸை மாற்றிவிட்டே வண்டியை வெளியே அனுப்புங்கள்.