மூன்று கம்பெனிகளும் ஒரு பல்தண்டவாளமும்

இரும்புச் சக்கரம் தண்டவாளத்தைப் பற்றியிருப்பது உராய்வினால் மட்டுமே. சமவெளியில் அந்தப் பிடிமானம் போதும். ஆனால் நீலகிரி மலை ரயில் பாதையில், அடிவாரத்துக் கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் தடம் பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்ற அளவில் உயரத் தொடங்குகிறது. அங்கே வெறும் சக்கரத்தை நம்பினால் அது வழுக்கிச் சுழலும். இதற்கான தீர்வையும் அதற்கு வேண்டிய பணத்தையும் தேடியதிலேயே நீலகிரி மலை ரயிலின் முதல் பல ஆண்டுகள் கழிந்தன.

1873-இல் மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்துவிட்டது. இன்ஜினின் பல்சக்கரம் பற்றி ஏறுவதற்காகத் தடத்தின் நடுவே பதிக்கும் பல்தண்டவாளத்தில் பெயர்பெற்ற சுவிஸ் பொறியாளர் நிக்லாஸ் ரிக்கன்பாக் 1882-இல் இங்கு வந்து மதிப்பீடு தயாரித்தார். ஒரு கம்பெனியும் தொடங்கப்பட்டது, முதலீடுதான் திரளவில்லை. 1885-இல் தோன்றிய அடுத்த கம்பெனி, ஆளுநர் வென்லாக் பிரபு 1891 ஆகஸ்டில் முதல் மண்ணை வெட்ட, பணியைத் தொடங்கி 1894-இல் பணமின்றிக் கலைந்தது. 1896-இல் உருவான மூன்றாவது கம்பெனியே 1899-இல் குன்னூர் வரை ரயிலை ஓடவைத்தது.

இந்தத் தாமதம் நீலகிரிக்கு நன்மையாகவே முடிந்தது என்று கருதுகிறேன். ரிக்கன்பாக்கின் முறையில், இரு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே ஏணிப்படிகளாகப் பதித்த குறுக்குக் கம்பிகளை இன்ஜினின் பல்சக்கரம் ஒவ்வொன்றாகப் பற்றி ஏறும். அவரிடம் பணியாற்றிய ரோமன் ஆப்ட் 1882-இல் காப்புரிமை பெற்ற முறையோ வேறு. அது ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப்பாதையில் 1885-இல் ஓடிக் காட்டியது. அதில் தண்டவாளங்களின் நடுவே இரண்டு பல்தண்டுகள் அருகருகே ஓடுகின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் அமையும்படி அவை பாதிப் பல் தள்ளிப் பொருத்தப்பட்டுள்ளன. ஆகவே ஒரு பல்சக்கரத்தின் பல் விடுபடும் கணத்தில் மற்றதன் பல் ஆழப் பதிந்திருக்கும். பிடிப்பு அறுவதில்லை, குலுக்கமும் குறைகிறது. நீலகிரிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது இந்த ஆப்ட் முறையே.

பிற்காலத்தில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரிலிருந்து வந்த எக்ஸ் வகை இன்ஜின்கள் நீராவியை இருமுறை பயன்படுத்துகின்றன. உயரழுத்தச் சிலிண்டர்களில் சாதாரணச் சக்கரங்களை ஓட்டிய நீராவி வீணாக வெளியேறாமல், தாழ்அழுத்தச் சிலிண்டர்களுக்குச் சென்று பல்சக்கரங்களைச் சுழற்றுகிறது. இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது. இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டோடாமல் அது தாங்கிக்கொள்ளும். அதுவும் போதாதென்று ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்கை இயக்கும் பிரேக்ஸ்மேன் நிற்கிறார்.

1903-இல் அரசு இந்தப் பாதையை விலைக்கு வாங்கியது. 1908-இல் அது ஊட்டி வரை நீண்டது. குன்னூருக்கு மேல் ஏற்றம் ஏறத்தாழப் பாதியாகத் தணிவதால் அங்கே பல்தண்டு பதிக்கப்படவில்லை. உராய்வை மட்டும் நம்பியே ரயில் ஓடுகிறது.