ஐபிஓ பங்கு முதல் நாளே விழுந்தால் சட்டப்படி உங்களுக்கு என்ன கிடைக்கும்?

2021 நவம்பர் 18, ஐபிஓ, அதாவது பொதுமக்களுக்கு முதல்முறை பங்கு விற்கும் வெளியீடு, முடிந்து பேடிஎம்மின் பங்கு சந்தைக்கு வந்த நாள். 2,150 ரூபாய்க்குக் கொடுத்த பங்கு தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ-யில் 1,950-க்குத் தொடங்கி, சந்தை மூடும்போது 1,560-இல் நின்றது. குறைந்தபட்சம் வாங்க வேண்டிய ஒரு லாட்டுக்கு 6 பங்கு, 12,900 ரூபாய் போட்டவரிடம் அன்று மாலை இருந்தது 9,360. அதுவரை நாட்டிலேயே பெரிய ஐபிஓ, 18,300 கோடி, ஊரெல்லாம் கடைக்குக் கடை க்யூஆர் அட்டை ஒட்டிய கம்பெனி, இதில் எப்படி நஷ்டம் வரும் என்று விண்ணப்பித்தவர்கள்தான் நிறைய. அப்புறம் கோபம் வந்தது, கேலி வந்தது, கூடவே ஒரு கேள்வியும் வந்தது. இன்றைக்கும் எந்த ஐபிஓ சறுக்கினாலும் அதே கேள்விதான்: கம்பெனி பணத்தைத் திருப்பித் தருமா? பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் புகார் கொடுத்தால் ஏதாவது நடக்குமா?

நேராகவே சொல்லிவிடுகிறேன். விலை இறங்கியது என்ற ஒரே காரணத்துக்காக யாரும் உங்களுக்கு ஒரு பைசா தரத் தேவையில்லை. விலை ஓர் அளவுக்கு மேல் விழுந்தால் சிறு முதலீட்டாளர்களிடமிருந்து வெளியீட்டு விலைக்கே பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமாக்கும் யோசனையை 2012-இல் செபியே முன்வைத்தது, ஆனால் அது கட்டாயம் ஆகவில்லை. வந்திருக்க வேண்டும் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏறினால் எனக்கு, இறங்கினால் உனக்கு என்பதற்குப் பெயர் முதலீடு இல்லை.

அன்றைக்கு 1,560-இல் விலை ஏன் சரியாக நின்றது என்று பலருக்குக் குழப்பம். பங்கு பட்டியலாகும் நாளில் காலை 9 மணி முதல் 10 வரை ஒரு தனி அமர்வு நடக்கும், வாங்குபவர், விற்பவர் ஆர்டர்களை வைத்து அதில்தான் தொடக்க விலை முடிவாகும். பெரிய வெளியீடுகளுக்கு அந்தத் தொடக்க விலையிலிருந்து மேலேயோ கீழேயோ 20 சதவீதம்தான் எல்லை. நீங்கள் கொடுத்த 2,150-இலிருந்து இல்லை, 1,950-இலிருந்து. அதில் 20 சதவீதம் கழித்தால் 1,560. அதனால்தான் மொத்த வீழ்ச்சி 27 சதவீதம் ஆனது. அந்த எல்லையைத் தொட்டுவிட்டால் விற்பதற்கு ஆர்டர் போடலாம், ஆனால் எதிரே வாங்க ஆள் இருக்க வேண்டுமே.

சரி, சட்டம் நமக்காக எதுவுமே செய்யவில்லையா? செய்திருக்கிறது, ஆனால் பெரும்பாலும் பங்கு விழுவதற்கு முன்னால். மூன்று ஆண்டுகளாகக் குறிப்பிட்ட அளவு லாபம் காட்டிய கம்பெனி என்றால் சிறு முதலீட்டாளர்களுக்கு வழக்கமாகக் குறைந்தது 35 சதவீதம் ஒதுக்க வேண்டும். அந்த லாபம் இல்லாத கம்பெனியும் வரலாம், ஆனால் குறைந்தது 75 சதவீதம் மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ் மாதிரியான பெரிய நிறுவனங்களுக்குப் போக வேண்டும், போகாவிட்டால் எல்லோர் பணத்தையும் திருப்ப வேண்டும். நமக்கு அதிகபட்சம் 10 சதவீதம்தான். பேடிஎம் இந்த இரண்டாவது வழியில்தான் வந்தது. கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் முதலில் பணம் போடட்டும், நீங்கள் கொஞ்சமாகப் போடுங்கள் என்று விதியே சொன்ன மாதிரிதான் இது. ப்ராஸ்பெக்டஸில், அதாவது கம்பெனி வெளியிடும் விவர அறிக்கையில், 10 சதவீதம் என்று பார்த்ததும் "நமக்குக் கொஞ்சம்தான் தருகிறார்கள், சீக்கிரம் போடு" என்று புரிந்துகொண்டவர்களும் இருந்தார்கள், என்ன செய்வது! அதே ப்ராஸ்பெக்டஸில் இன்னொன்றும் இருந்தது: 18,300 கோடியில் 10,000 கோடி கம்பெனிக்கே போகவில்லை, ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் தங்கள் பங்கை விற்று எடுத்துக்கொண்ட பணம்.

இன்னொரு உரிமை பலருக்குத் தெரிவதில்லை. 2 லட்சம் வரை போடும் சிறு முதலீட்டாளர், ஐபிஓ மூடும்வரை விண்ணப்பத்தை மாற்றலாம், முழுதாக ரத்தும் செய்யலாம். பெரிய நிறுவனங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. கடைசி நாள் மதியம் வரை விற்கும் பங்கைப் போல எத்தனை மடங்குக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பேடிஎம்முக்கு மொத்தமே 1.89 மடங்குதான் வந்தது. கிரே மார்க்கெட் பிரீமியத்தை, அதாவது பட்டியலாகும் முன்பே சந்தைக்கு வெளியே பேசப்படும் கூடுதல் விலையை, நம்பிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதை செபி கண்காணிப்பதில்லை, அங்கே சொல்லும் விலைக்கு யாரும் பொறுப்பும் இல்லை.

ஐபிஓ திறக்கும் முன்பே பங்கு வாங்கும் பெரிய நிறுவனங்களுக்கு ஆங்கர் முதலீட்டாளர்கள் என்று பெயர், பேடிஎம் வந்த காலத்தில் அவர்கள் 30 நாள் கழித்து எல்லாவற்றையும் விற்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து பாதிப் பங்கை 90 நாள் வைத்திருக்க வேண்டும்.

பணம் விஷயத்தில் விதி கறாரானது. விண்ணப்பித்தால் தொகை உங்கள் வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்படும், பங்கு ஒதுக்கினால்தான் வெளியே போகும். 2023 டிசம்பரிலிருந்து ஐபிஓ மூடிய மூன்று வேலை நாளில் பங்கு பட்டியலாக வேண்டும். ஒதுக்கீடு கிடைக்காமலும் வங்கி பணத்தை விடுவிக்கத் தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் அல்லது ஆண்டுக்கு 15 சதவீதம், எது அதிகமோ அது இழப்பீடு. கேட்டால்தான் கிடைக்கும், விண்ணப்ப எண்ணையும் வங்கியின் எஸ்எம்எஸ்ஸையும் அழிக்காதீர்கள்.

ப்ராஸ்பெக்டஸில் பொய் இருந்தால் மட்டும் கதை வேறு. கம்பெனிகள் சட்டம் 2013-இன் 34, 35-ஆம் பிரிவுகள் அதற்குத்தான். முதலாவது தண்டனை, இரண்டாவது அதை நம்பிப் பணம் போட்டு நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு. ஆனால் விலை அதிகம் வைத்தார்கள் என்பது பொய் ஆகாது. நஷ்டத்தில் ஓடுகிறோம், இனியும் ஓடலாம் என்று அச்சடித்தே கொடுத்திருந்தால் அதைப் படிக்காதது நம் பாடு. ஒதுக்கீடு, பணம் திரும்புவது மாதிரியான குறைகளுக்கு செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் போடலாம், 21 நாளில் பதில் வர வேண்டும்.

விழுந்த பங்கை விற்றுவிட்டால் வரியில் ஒரு சிறு ஆறுதல் உண்டு. ஓராண்டுக்குள் விற்ற நஷ்டத்தை மற்ற மூலதன லாபத்தில் கழிக்கலாம், சம்பளத்தில் கழிக்க முடியாது. மிச்சத்தை 8 ஆண்டு வரை தள்ளிக்கொண்டு போகலாம். விற்காமல் டீமேட் கணக்கில் சிவப்பாகக் கிடப்பது நஷ்டக் கணக்கில் வராது. வருமான வரி ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போடாவிட்டால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளும் உரிமையும் போய்விடும்.