அடையாள அட்டைப் பிரதியில் கோடு போடுங்கள்

மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து வந்த ஓர் அக்கா, கறவை மாடு வாங்கக் கடன் கேட்டு வங்கியில் என் மேசைக்கு முன்னால் அமர்ந்திருந்தார். வழமைபோல் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை எடுத்தேன். 'கிரிப்' என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அவர் பெயரில் கடன் எதுவும் இல்லை. ஆனால் கட்டாமல் கிடந்த வேறொருவரின் கடனுக்கு அவர் பிணையாளி என்று இருந்தது.

"தம்பி, நான் ஒருவருக்கும் பிணை நிற்கவில்லை" என்றார். சற்று யோசித்துவிட்டு, "சங்கக் கூட்டம் என்று சொல்லி அடையாள அட்டைப் பிரதி வாங்கினார்கள். கையெழுத்தும் போட்டேன்" என்றார்.

வங்கி உங்கள் விவரங்களைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இலங்கையின் 2006ஆம் ஆண்டு 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின்படி, வாடிக்கையாளர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்பதை நாங்கள் அறிந்திருக்க வேண்டும். 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காசுப் பரிமாற்றத்தின் விவரம் மத்திய வங்கியின் நிதி உளவறிதல் பிரிவுக்குப் போகும். கணக்கை மூடிய பிறகும் ஆவணங்களை ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கடன் விவரம் கிரிப்புக்குப் போகும். அது 1990ஆம் ஆண்டின் சட்டம்.

மற்றவர்களிடம் நாங்கள் வாய் திறக்கக் கூடாது. வேலையில் சேரும்போதே, வங்கிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி இரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டேன். அதனால் வரும் சண்டைகள் கொஞ்சமல்ல. மனைவி வளைகுடா நாட்டில் வீட்டு வேலை செய்து காசு அனுப்புவார், கணவர் வந்து, "அவளுடைய கணக்கில் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்பார். சொல்ல மாட்டேன். ஊரில் முகம் தெரிந்தவர், உறவுக்காரர் என்றாலும் சொல்ல மாட்டேன். அந்தப் பணம் அந்தப் பெண்ணின் வியர்வை.

எனக்குப் பெரிய கவலை, வங்கிக்கு வெளியே அலையும் பிரதிகளைப் பற்றியது. பழைய அடையாள அட்டை இலக்கம் 85532 என்று தொடங்கினால், அது 1985 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த ஒரு பெண்ணுடையது. 85 பிறந்த ஆண்டு, பெப்ரவரி 1 ஆண்டின் 32ஆவது நாள்; பெண்களுக்கு அந்த நாள் எண்ணோடு 500 கூட்டப்படும். பிறந்த திகதியை இரகசிய இலக்கமாக வைத்திருப்பவரின் ஏடிஎம் அட்டையும் அந்தப் பிரதியும் ஒரே பையில் தொலைந்தால் என்ன ஆகும்? இரண்டும் ஒன்றாக இருக்கும் பைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

ஆகவே பிரதி கொடுக்கும்போது, படமும் இலக்கமும் மறையாமல் குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காக, யாருக்கு, எந்தத் திகதியில் கொடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பிரதிக் கடையில் பழுதாகிப்போன தாளையும் கேட்டு வாங்கிக் கிழித்துவிடுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் இதுதான்: ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற தகவலை அந்த நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும். தொலைபேசியில் வரும் ஒருமுறைக் குறியீட்டை (OTP) எங்களுக்குக்கூடச் சொல்ல வேண்டாம். எந்த வங்கியும் அதைக் கேட்காது.

கிரிப் அறிக்கையில் தவறு இருந்தால், அதை அனுப்பிய கடன் நிறுவனமே திருத்தி அனுப்ப வேண்டும். அக்காவுக்காக அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். சில வாரங்களில் பிணைப் பத்திரத்தின் பிரதியோடு வந்தார். கையெழுத்து அவருடையதுதான். பத்திரம் முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது.

"இதில் என்ன எழுதியிருக்கிறது, தம்பி?" என்று கேட்டார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துச் சொன்னேன்.