போறதுக்கு பஸ் உண்டு, வாறதுக்கு?

போக்குவரத்துத் திட்டமிடல் என் தொழில். முச்சந்தியில் நின்று வண்டிகளை எண்ணுவது, வீடுவீடாகப் போய் "வேலைக்கு எதில் போறீங்க?" என்று கேட்பது, இதுதான் பிழைப்பு. குமரி மாவட்டத்தில் பஸ்ஸை விட்டு ஸ்கூட்டிக்கு மாறியவர்கள் கட்டணத்தைக் குறை சொல்வது அபூர்வம். கருங்கல், குலசேகரம், அருமனை, எங்கே கேட்டாலும் பதில் ஏறக்குறைய இதுதான்: "போறதுக்கு பஸ் உண்டு சார். ராத்திரி வாறதுக்குத்தான் இல்ல."

நாட்டின் கரியமில வாயுக் கணக்கு இந்தப் பதிலில் இருக்கிறது. இந்தியாவில் போக்குவரத்தால் வெளியாகும் கரியமில வாயுவில் சுமார் 90 விழுக்காடு சாலை வாகனங்களுடையது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ, பெட்ரோல் என்றால் 2.3 கிலோ. லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் பஸ், 10 கிலோமீட்டரில் 5.4 கிலோ வெளியிடும். ஐம்பது பேர் ஏறியிருந்தால் தலைக்கு நூறு கிராம் சொச்சம். அதே தூரம் ஸ்கூட்டரில் தனியாகப் போனால் அரைக் கிலோ, காரில் போனால் ஒன்றரைக் கிலோ. பஸ்ஸில் பத்துப் பேர்தான் என்றால்? அதுவும் ஸ்கூட்டரும் ஒன்றுதான்.

ஆக, பஸ் வாங்கி நிறுத்தினால் மட்டும் புகை குறையாது, ஆள் ஏற வேண்டும். திரும்பி வர வண்டி இருக்கும் என்ற உறுதி இருந்தால்தான் ஆள் ஏறும். கடைசி ட்ரிப் அடிக்கடி கட் ஆகும் ஊரில், தவணைக்கு ஒரு ஸ்கூட்டி வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. தவணை கட்டத் தொடங்கியவர் காலை பஸ்ஸிலும் ஏறுவதில்லை. ராத்திரி நின்றுபோன ஒரு ட்ரிப், பகல் கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது.

2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பொதுப் போக்குவரத்தில் அரசு போட்ட நல்ல முதலீடுகளில் ஒன்று என்றே சொல்வேன். ஆனால் நாகர்கோவில் துணிக்கடையில் கடை அடைக்கும்வரை நிற்கும் பெண்ணுக்கு, அந்த நேரத்தில் ஊருக்கு வண்டியே இல்லையென்றால்? தம்பியோ கணவரோ பைக்கில் வர வேண்டும். ஒருவர் வீடு சேர, போக ஒரு தடவை, வர ஒரு தடவை பெட்ரோல் எரிகிறது.

இத்தனைக்கும் பஸ்ஸுக்கென்றே அமைந்த மாவட்டம் இது. 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். தமிழக சராசரி 555. கல்குளம், விளவங்கோடு பக்கம் ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. நாமோ பணத்தைப் பாலத்தில் போட்டோம். 2018இல் திறந்த மார்த்தாண்டம் மேம்பாலம் தாண்டிப் போகிறவர்களுக்கு நிம்மதிதான். சந்தைக்கு வருகிறவர்களுக்குக் கீழே நெரிசல் தீர்ந்தபாடில்லை. 1979இல் வந்த ரயில் பாதை இப்போது இரட்டைப் பாதையாகிறது. நல்லது. ஆனால் நாகர்கோவில் சந்திப்பு கோட்டாறில், பஸ் நிலையம் வடசேரியில். ரயில் வரும் நேரம் பார்த்துப் புறப்படும் இணைப்பு பஸ்ஸுக்கு என்ன பெரிய செலவு?

மின்சார பஸ் வந்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். கண் எரியும் புகை நிச்சயம் குறையும். ஆனால் நிலக்கரி மின்சாரமே பெரும்பங்காக இருக்கும் இன்றைய நிலையில், ஒரு யூனிட்டுக்கு நாட்டு சராசரி சுமார் 0.7 கிலோ; கிலோமீட்டருக்கு ஒரு யூனிட் இழுக்கும் பஸ் 10 கிலோமீட்டரில் 7 கிலோ கணக்கு, கரியமில வாயுவில் 5.4 கிலோ விடும் டீசல் பஸ்ஸை வென்றுவிடாது. முப்பந்தல் காற்றாலைகள் போல இன்னும் பல வந்து மின்சாரம் மாறும்போது இந்தக் கணக்கும் மாறும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இருக்கும் டீசல் பஸ்ஸை நிரப்புவது இன்றே முடியும்.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் "எங்கள் ஊருக்குப் பஸ் வேண்டும்" என்று மொத்தமாக எழுதாதீர்கள். எந்த நிறுத்தத்திலிருந்து, இரவு எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மதியம் காலியாக ஓடும் ஒரு ட்ரிப்பை இரவுக்கு மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். புதிய பஸ் கேட்டால் நிதிக்காகக் கோப்பு மேலே போகும். ட்ரிப் நேரத்தை மாற்றுவது பெரும்பாலும் டிரைவர், கண்டக்டர் பணிநேரத்தைச் சரிசெய்யும் வேலைதான்.